ஒரு வீடு, இரண்டு எண்ணெய்

மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் எழுத வல்ல அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். எனக்கு ஓரளவு தெரிந்த துறை சாப்பாடு. அதிலும் என்னுடைய சாப்பாடு. அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார்கள். என் மனைவியிடமும் இசைவு பெற்றேன். அவளிடம் ஏன் பெற வேண்டியிருந்தது என்பது போகப் போக விளங்கும்.

நான் கும்பகோணத்துக்கு அண்மையில் காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் 1948-இல் பிறந்தவன். இலையில் சோறு விழுந்ததும் அதை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். முதற் பங்கு குழம்புக்கு, இரண்டாவது ரசத்துக்கு, மூன்றாவது தயிருக்கு. ஒன்றின் எல்லையை மற்றொன்று தாண்டுவதை நான் பொறுப்பதில்லை. கறிவேப்பிலையை எறிய மாட்டேன், தின்னவும் மாட்டேன், இலையின் மேல் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பேன், எத்தனை என்று எண்ணுவதும் உண்டு. அப்பளத்தை ரசச் சோறு வரும்வரை தொடமாட்டேன். தயிர்ச் சோற்றுக்கு மாவடு. மாவடு தீர்ந்த மாதங்களில் உப்பு நார்த்தங்காய். இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தவிர வேறு துணை கிடையாது. காப்பியை டபராவில் மூன்று முறை ஆற்றுவேன். நான்காம் முறை ஆற்றிவிட்டால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். இவற்றை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. என் தந்தையார் அப்படிச் சாப்பிட்டார். அவர் எதிரில் அமர்ந்து நானும் அப்படிச் சாப்பிட்டேன்.

இத்தகைய நாக்கை எடுத்துக்கொண்டுதான் 1974-இல் களமசேரிக்கு வந்து சேர்ந்தேன். இந்தப் பக்கம் அப்போதே ஆலைகளால் நிறைந்திருந்தது. ஆலுபுரத்து அலுமினிய உருக்காலை 1943-இலிருந்தும், ஏலூர் உத்தியோகமண்டல் உரத் தொழிற்சாலை 1947-இலிருந்தும் ஓடிக்கொண்டிருந்தன. களமசேரியின் எச்.எம்.டி. 1964-இல் வந்தது, பல்கலைக்கழகம் 1971-இல் வந்தது. உரத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களே நம் சேஷசாயி சகோதரர்கள்தாம் என்பது இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் தெரியும். அவற்றுள் சிலவற்றின் மூத்தவர்கள் அந்த வாயில் வழியாகத்தான் இங்கே குடியேறினார்கள். நான் வந்தது வேறொரு சிறு இயந்திரப் பட்டறைக்கு. திருமணமாகாதவன், மூன்று மலையாள நண்பர்களோடு அறை, சாப்பாடு ஓர் ஊண் கடையில்.

முதல் நாள் நண்பகல் அங்கே போய் அமர்ந்ததும் ஒரு குவளையில் இளஞ்சிவப்பாய்ச் சுடுநீர் வைத்தார்கள். கை கழுவுவதற்கு என்று எண்ணினேன். நல்ல வேளை, பக்கத்தில் இருந்தவர் அதைக் குடித்துவிட்டார். பதிமுகம் என்னும் மரத்தின் சிராயைப் போட்டுக் காய்ச்சிய குடிநீர் அது என்று பின்னர் அறிந்தேன். அடுத்து வந்த சோறு பருமனாய், செம்மை படர்ந்து, ஒவ்வொரு பருக்கையும் தனக்கென ஒரு கொள்கை உடையதுபோல் விலகி நின்றது. மட்ட அரிசி என்றார்கள். பேரிலேயே மட்டம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்களே என்று நான் ஒரு வேடிக்கை சொன்னேன். (அந்த வேடிக்கையை அதன் பிறகு பல ஆண்டுகள், வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தினரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது வெட்கமாயிருக்கிறது.) கடைசியாகப் பரிமாறுபவர் வந்து, "சம்மந்தி வேணோ?" என்று கேட்டார். கலியாணமே ஆகாதவனுக்குச் சம்பந்தி எப்படி வருவார் என்று நான் விழிக்க, அவர் என் இலையில் ஒரு கரண்டி தேங்காய்த் துவையலை வைத்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், தேங்காய் எண்ணெயை மட்டும் என்னால் பொறுக்க இயலவில்லை. எங்கள் பக்கத்தில் அது தலைக்குத் தடவும் பொருள். பொரியலில் அந்த மணம் வந்தால், யாரோ தலை வாரிவிட்டு அதே கையால் பரிமாறியதுபோல் எனக்குத் தோன்றும். எட்டு மாதத்தில் இளைத்துப்போனேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் அன்னையார் என்னைப் பார்த்த பார்வையிலேயே என் திருமணம் முடிவாகிவிட்டது. நம் சமையல் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண் உடனே அங்கே போயாக வேண்டும் என்றார்கள். நாகர்கோவிலில் பணிபுரிந்த என் சிற்றப்பா ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். நல்ல குடும்பம், சைவச் சமையல், பெண் பள்ளியிறுதி தேறியவள். நாகர்கோவில் தமிழ்நாடுதானே? 1976 தை மாதம் திருமணம் நடந்தது.

அவள் களமசேரிக்கு வந்து அடுப்பு மூட்டிய முதல் நாள், கடையிலிருந்து வாங்கி வரவேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். அதில் தேங்காய் எண்ணெய் ஒரு படி என்று இருந்தது. தலைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். தாளிக்க என்றாள். நான் அன்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். "எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்துப் பார். எள்ளும் நெய்யும் சேர்ந்தது எண்ணெய். எள்ளிலிருந்து எடுப்பதற்கே அந்தப் பெயர் உரியது. தேங்காயிலிருந்து வருவதை எண்ணெய் என்று சொல்வதே பிழை, அதை ஊற்றிச் சமைப்பது அதைவிடப் பெரிய பிழை" என்றேன். அவள் சற்று நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ மண்ணெண்ணெய்? அதையும் எள்ளுல இருந்துதான் எடுக்காங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. ஆயினும் வென்றவன் நான்தான். பட்டியலில் அந்த வரி அடிக்கப்பட்டது. குத்தரிசி வரக் கூடாது, தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு கிழமைக்கு ஒரு நாளுக்கு மேல் கூடாது, மரவள்ளிக் கிழங்கு வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவேறின. அவள் எதிர்க்கவில்லை. என் அன்னையாரிடமிருந்து கடிதம் மூலமாகவே ரசப்பொடியின் அளவு முதல் மாவடு போடும் பக்குவம் வரை கற்றுக்கொண்டாள். ஓராண்டுக்குள் அவள் வைத்த ரசம் என் அன்னையாரின் ரசத்தோடு ஒப்பிடத் தக்கதாகிவிட்டது. நான் பெருமிதத்தோடு நண்பர்களை அழைத்து விருந்து வைத்தேன். கேரளத்தின் நடுவே ஒரு தஞ்சாவூர்ச் சமையலறை என்று ஒருவர் பாராட்டினார்.

அந்தச் சமையலறையை நடத்துவது எளிதன்று. அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் நிலத்துக் கிச்சிலிச் சம்பாவைச் சிறு சிறு பைகளில் கட்டி, படுக்கைச் சுருளுக்குள்ளும் அவளுடைய புடவைகளுக்கு அடியிலும் வைத்து எடுத்து வருவேன். தடம் மாறி வண்டி மாறி வரும் அந்த இரவு முழுதும் கண் மூட மாட்டேன். பத்துப் படி அரிசிக்காக ஒரு கொள்ளைக்காரனைப் போல் நெஞ்சு படபடக்க நான் அமர்ந்திருக்க, எதிரிருக்கையில் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அது அவளுடைய அரிசி அன்று என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

அரிசி ஊரிலிருந்து, மற்றவை மட்டாஞ்சேரியிலிருந்து. மாதம் ஒரு ஞாயிறு பேருந்தில் எறணாகுளம் போய், படகுத் துறையில் படகேறி மட்டாஞ்சேரியில் இறங்குவேன். அந்தக் கடைத்தெருவுக்குள் நுழையுமுன்பே மிளகும் சுக்கும் வற்றல் மிளகாயும் கலந்த காற்று தும்மலை வரவழைத்து வரவேற்கும். உலகத்து நாக்குகள் எல்லாம் அந்தச் சிறு நிலத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வாழ்ந்தன. குசராத்தியர் தெரு ஒரு பக்கம், கொங்கணியர் செறளாய் ஒரு பக்கம், யூதர் தெரு ஒரு பக்கம். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்கின்றன. நமக்கெல்லாம் மூத்த குடியேறிகள் அவர்கள்தாம்.

நான் சாமான் வாங்கியது திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் கடையில். முதல் தடவை போனபோது, "அண்ணாச்சி, தமிழ்நாட்டுச் சாமான் எல்லாம் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எந்தத் தமிழ்நாடு தம்பி?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார்: "கோயம்புத்தூர்க்காரங்க கடலை எண்ணெய் கேக்காங்க. ராமநாதபுரத்து ஆளுங்களுக்குக் குண்டு மிளகா இல்லேன்னா ஆகாது. உங்க பக்கத்து ஆளுங்க நல்லெண்ணெய். நாரோயில்காரங்க வந்தா தேங்காய் எண்ணெய், மரச்சீனி அப்பளம். எல்லாரும் தமிழ்நாட்டுச் சாமான்னுதான் கேக்காங்க." நான் சிரித்துவிட்டு நல்லெண்ணெய் இரண்டு படி அளக்கச் சொன்னேன். நாரோயில்காரங்க என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

1979-இல் எங்கள் மகள் பிறந்தாள். மகப்பேற்றுக்கு முன் நான்கு மாதமும் பின் மூன்று மாதமும் என் மனைவி தாய்வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு மினுமினுப்பு இருந்தது. பிள்ளை பெற்ற பொலிவு என்று எண்ணிக்கொண்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய நாளில் ஒரு வியப்பு காத்திருந்தது. நான் ஊட்டிய பருப்புச் சோற்றை அது துப்பியது. அடுத்த வீட்டுச் சேச்சி குத்தரிசிக் கஞ்சியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊட்டியபோது வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டது. துரோகி என்று கொஞ்சினேன். கருவுற்ற தாய்மார் கடைசி மூன்று மாதம் கேரட் சாறு குடித்தால், பிறந்த குழந்தை கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்கிறது என்று அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர்கள் கண்டு 2001-இல் வெளியிட்டார்கள். தாய் உண்பதன் சுவை கருவைச் சூழ்ந்த நீருக்கும் போகிறதாம். அதைப் படித்தபோது எனக்கு அந்த நான்கு மாதங்கள் நினைவுக்கு வந்தன. அவள் தன் நாவுக்கு இசைந்ததை உண்ட மாதங்கள் அவை. குழந்தையும் உடனிருந்து உண்டிருக்கிறது.

1981-இல் ஒரு நாள் பட்டறையில் மின்சாரம் நின்றுபோய், நண்பகலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. சேச்சியின் வீட்டுக் கொல்லைப் புறத்தில் பேச்சுக் குரல் கேட்டது. வேலியோரம் போனேன். திண்ணையில் சேச்சியும் என் மனைவியும் குழந்தையும் ஒரே சட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். சட்டியில் ஆவி பறக்கும் மரவள்ளிக் கிழங்கு; பக்கத்தில் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்ட சம்மந்தி. என் மனைவி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உரக்க அவள் சிரித்து நான் கேட்டதில்லை. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. சட்டென்று எழுந்து, கிழங்கு பிடித்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்தில் புளியங்காய் தின்று பிடிபட்ட சிறுமி செய்வது போல.

அந்தக் கையைக் கண்டு நான் வெட்கியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நம் வீட்டில் சோறு இல்லையா?" என்றேன். சேச்சிக்குத் தமிழ் விளங்கும். "சாறே, அவள்டெ நாட்டிலெ பட்சணமல்லே இது" என்று மெதுவாகச் சொன்னார். அவள் ஊர்ச் சாப்பாடுதானே என்று அவர் சொன்னதும் எனக்குச் சினம் மூண்டது. அவள் நாடு தமிழ்நாடு என்று திருத்தினேன். என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் பின்னே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அங்கே கிழங்கு தின்னப் போகவில்லை. நானும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நிம்மதியடைந்தேன்.

அன்றிரவு ஜவ்வரிசிப் பாயசம் வைத்திருந்தாள். இரண்டு குவளை குடித்தேன். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, அதற்கு மாற்றாகச் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டி ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பாயசத்திலும் வடாத்திலும் இருப்பது அந்தக் கிழங்குதான். எனக்கு இது தெரிந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. அவளுக்கு அன்றே தெரியும். சொல்லவில்லை.

1987-இல் என் மாமனார் காலமானார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வீடு நிறைய உறவினர். ஆண்கள் பந்தி முடிந்து பெண்கள் பந்தி. மருமகனுக்கு அங்கே வேலை ஏதும் இல்லை, தூணோரம் நின்றிருந்தேன். அந்தப் பதினைந்து நாளும் என் மனைவி சரியாக உண்ணவில்லை. அன்று அவள் அத்தை அவளை வற்புறுத்திப் பந்தியில் அமர்த்தினார். இலையில் கட்டிச்சம்பாச் சோறு விழுந்தது. அதே பருமன், அதே செம்மை. பருப்பு, பப்படம், அவியல், துவரன், எரிசேரி, உள்ளித் தீயல், புளிசேரி. களமசேரி ஊண் கடையில் 1974-இல் என் முன் வந்த இலை அப்படியே அங்கே இருந்தது. பேச்சு மட்டும் தமிழ். அவள் அழுதுகொண்டே உண்டாள். உண்டுகொண்டே இருந்தாள். பரிமாறுபவர் கடந்து போனபோது அவரை அழைத்து, "எரிசேரி இன்னும் கொஞ்சம்" என்றாள். பின்னர் சோறும் மறுமுறை கேட்டாள்.

மறுமுறை கேட்டாள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோராண்டு இல்வாழ்க்கையில் என் வீட்டில் அவள் எதையும் மறுமுறை பரிமாறிக்கொண்டு நான் கண்டதில்லை. அவள் கொஞ்சமாகச் சாப்பிடும் இயல்புடையவள் என்றுதான் நினைத்திருந்தேன்; பிறரிடமும் அப்படியே சொல்லி வந்தேன்.

அன்று மாலை என் மாமியார் திண்ணையில் அமர்ந்து பழைய கதைகள் சொன்னார். கிழங்கைப் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை எளிய வீடுகளில் உயிர் காத்தது மரச்சீனிதான். "அரிசி கண்ணுல பட்டா அன்னைக்குத் திருநாள்" என்றார் அவர். என் மனைவி 1953-இல் பிறந்தாள். அப்போது அவள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவளுக்கு மூன்று வயது. தமிழுக்காக அந்த மண் நடத்திய போராட்டத்தை நாம் மேடைகளில் பேசுகிறோம். எல்லைக் கோடு மாறியது, அடுப்பு மாறவில்லை. களமசேரியும் அதே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. ஆக, அவள் தான் பிறந்த மாநிலத்துக்கே வாழ வந்தவள். தன் வீட்டு மணமே வரும் ஊரில், அந்த மணம் வராத ஒரே வீட்டில் அவள் பதினோராண்டு வாழ்ந்திருக்கிறாள். அந்த வீட்டை அப்படி வைத்திருந்தவன் நான்.

தமிழ்ச் சுவை என்று நான் பிடித்துக்கொண்டிருந்ததுதான் என்ன? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. மிளகைப் போல் உறைத்த காய்க்கு நம்மவர் இட்ட பெயர் அது. அவர்கள் கப்பல் கொச்சிக்கு வந்தது 1500-இல். என் சாம்பாரைத் தஞ்சை மராட்டியர் அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. காப்பியின் பூர்வீகத்தைச் சொல்லவே வேண்டாம். என் தந்தையாரின் இலையைத் தமிழகத்தின் இலை என்று நான் எண்ணிவிட்டேன். மட்டாஞ்சேரி அண்ணாச்சி தராசைப் பார்த்தபடியே கேட்ட கேள்வி அன்று மாமியார் வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு விளங்கிற்று.

திரும்பி வந்த அந்த மாதமே மட்டாஞ்சேரிக்குப் போய் தேங்காய் எண்ணெய் ஒரு படி வாங்கி வந்தேன். அண்ணாச்சி அளந்துகொண்டே, "தலைக்கா தம்பி?" என்றார். தாளிக்க என்றேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, வணிகர் அல்லரா! வீட்டில் அந்தத் தூக்கை அடுப்பு மேடையில் வைத்தேன். என் மனைவி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மன்னிப்புக் கேட்க நான் சில சொற்களைப் படகிலேயே கோத்து வைத்திருந்தேன். எதுவும் வாயில் வரவில்லை. அவள்தான் பேசினாள்: "இப்போ இதுல சமைக்க எனக்குக் கை வருமோ என்னமோ. உங்க அம்மா ரசம்தான் கைக்கு வருது."

அது உண்மையாகவே இருந்தது. அவள் முதல் முதலில் வைத்த உள்ளித் தீயல் கரிந்தது. எரிசேரியில் பழக்கத்தால் பெருங்காயம் போட்டுவிட்டாள். சேச்சியிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். தன் தாய்வீட்டுச் சமையலை ஒரு மலையாளப் பெண்மணியிடம் அவள் மீண்டும் கற்க நேர்ந்தது. என் சட்டங்கள் அவ்வளவு தூரம் வேலை செய்திருந்தன. ஓராண்டில் கை திரும்பியது. எங்கள் அடுப்பருகில் இரண்டு தூக்குகள் வந்தன. உலையில் இரண்டு பானைகள். குத்தரிசி வேக நேரமாகும் என்பதால் அதை முதலில் ஏற்றுவாள். நான் என் மூன்று பங்குச் சோற்றை விடவில்லை, விடவும் மாட்டேன். தேங்காய் எண்ணெயில் தாளித்ததை உண்ணப் பழகினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவியலில் பச்சையாக விடும்போது இசைகிறது. பொரித்த பொருளில் இன்றும் எனக்குத் தலை வாரும் நினைவு வருகிறது. இது என் நாக்கின் குறை. அதை அதனிடமே விட்டுவிட்டேன்.

மகள் இப்போது சென்னையில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அவள் பெட்டியில் மட்ட அரிசி ஐந்து கிலோ, தேங்காய் எண்ணெய் இரண்டு புட்டி, கொடம்புளி ஒரு பொட்டலம். சென்னைக் கடைகளிலும் கிடைக்கிறதே என்றால், அது வேறு, இது வேறு என்கிறாள். என் படுக்கைச் சுருள் நினைவுக்கு வரும். வாய் திறவாமல் கயிறு எடுத்துக் கட்டிக் கொடுப்பேன்.

என் மனைவிக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். குத்தரிசியானாலும் அளவோடு, கிழங்கு முடிந்தவரை வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் இளைஞர், நல்லவர்; அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த அறையில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இளமையில் நான் தடுத்தேன். நான் விட்டபின் உடம்பு தடுக்கிறது. இடையில் அவளுக்குக் கிடைத்தவை முப்பது ஆண்டுகள் இருக்கலாம். மாதத்தில் ஒரு நாள், சிறிதளவு, அன்று சோறு கூடாது என்று அவரிடம் வாதாடி இசைவு பெற்றவன் நான்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு நாள் பெரும்பாலும் ஞாயிறு. அவளுக்கு மணிக்கட்டில் வலி இருப்பதால் கிழங்கை நானே உரிக்கிறேன். மேல்தோலைக் கீறி, அடியிலிருக்கும் இளஞ்சிவப்புத் தோலையும் சேர்த்து உருவ வேண்டும். நடு நரம்பை எடுத்துவிட வேண்டும். கிழங்கில் இயல்பாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சேச்சி. அவர் இப்போது இல்லை. காந்தாரி மட்டும் என் மனைவி தன் கையால்தான் நசுக்குவாள். நான் நசுக்கினால் உறைப்பு போதவில்லையாம்.

பிறகு இருவரும் மேசையில் எதிரெதிரே அமர்வோம். அவள் தட்டில் நான்கு துண்டு வைப்பேன், அதுதான் கணக்கு. ஐந்தாவதை அவள் என் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் நான் கறிவேப்பிலையை எண்ணிக்கொண்டிருப்பேன்.